பழைய பாணியில் ஒரு ஹாலோவீன் டேக்

அக்டோபர் மாதம் பாதி கழிந்ததும், நகரத்துப் பள்ளிகளில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர், "ஹாலோவீனுக்கு ஏதாவது செய்து வரச் சொல்லியிருக்கிறார்கள்" என்று வந்து நிற்பதுண்டு. கடையில் ஒரு பிளாஸ்டிக் பூசணிக்காயை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் வீட்டிலுள்ள கல்யாணப் பத்திரிகை அட்டை, டீத்தூள், கறுப்புக் காகிதம் ஆகியவற்றைக் கொண்டே, நூறு வருஷத்துக்கு முந்தையது போலத் தோன்றும் ஓர் அழகான டேக் செய்ய முடியும். பரிசுப் பொட்டலத்திலோ இனிப்புப் பெட்டியிலோ நூலால் கட்டித் தொங்கவிடும் அடையாளச் சீட்டைத்தான் டேக் என்கிறோம். காய்வதற்கு நேரம் வேண்டும் என்பதால் இரண்டு மாலைகளை ஒதுக்கிக் கொள்ளுங்கள்.

கொஞ்சம் வரலாறு

ஹாலோவீன் என்பது அக்டோபர் 31ஆம் தேதி இரவு. மறுநாள் கிறிஸ்தவர்களின் அனைத்துப் புனிதர் திருநாள். அதற்கு முந்தைய இரவு என்பதே அந்தப் பெயரின் பொருள். அயர்லாந்து மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தார்கள். வட இந்தியக் காய்கறிச் சந்தைகளில் ஷல்கம் என்று விற்கிறார்களே, அதுதான் டர்னிப். 1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது லட்சக்கணக்கானோர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். போன ஊரில் பூசணி பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் கிடைத்தது. டர்னிப் விளக்கு பூசணி விளக்காயிற்று. ஊர் மாறிப் பிழைக்க வந்த நமக்கு இது புரியாத விஷயமல்ல.

டேக்குக்கும் ஒரு கதை உண்டு. சரக்கு மூட்டைகளில் கட்டும் காகிதச் சீட்டுகள் துளையின் இடத்தில் கிழிந்து தொலைந்து போய்க்கொண்டிருந்தன. 1863இல் அமெரிக்காவில் ஈ. டபிள்யூ. டென்னிசன் என்பவர், துளையைச் சுற்றி ஒரு காகித வளையத்தை ஒட்டிப் பலப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதே டென்னிசன் நிறுவனம்தான் 1909இல், ஹாலோவீன் காகித அலங்காரங்களைச் சொல்லித் தரும் 'போகி புக்' என்ற சிறு புத்தகத்தையும் வெளியிட்டது. நம் போகிப் பண்டிகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆங்கிலத்தில் போகி என்றால் பூச்சாண்டி!

பழைய பாணி என்று இன்று நாம் சொல்லும் படங்கள் பெரும்பாலும் அக்காலத்து அஞ்சலட்டைகளிலிருந்து வந்தவை. 1907இல் அமெரிக்காவில் அஞ்சலட்டையின் பின்பக்கத்தில், முகவரிக்குப் பக்கத்திலேயே செய்தியும் எழுத அனுமதி கிடைத்தது. முன்பக்கம் முழுவதும் படத்துக்கே ஆயிற்று, விற்பனையும் பெருகியது. எலன் கிளாப்சாடில், சாமுவேல் ஷ்முக்கர் போன்ற ஓவியர்கள் கறுப்புப் பூனை, ஆந்தை, முழுநிலா, சூனியக்காரி, சிரிக்கும் பூசணி ஆகியவற்றை வரைந்தார்கள். இவற்றில் பல ஜெர்மனியில் அச்சானவை. 1914இல் முதல் உலகப்போர் மூண்டதும் அந்த வரத்து நின்றது.

இந்தப் படங்களை அச்சிட ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனி அச்சுக்கல் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வண்ணம் ஏற்றினார்கள். நாமும் அப்படித்தான் ஓர் அடுக்கு காய்ந்தபின் அடுத்த அடுக்கு என்று வேலை செய்யப் போகிறோம். அவசரப்பட்டால் எல்லா வண்ணமும் கலந்து சேறாகிவிடும்.

தேவையான பொருட்கள்

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை அல்லது கெட்டியான சார்ட் அட்டை, வெள்ளைத்தாள், கறுப்புக் காகிதம், டீத்தூள் 2 டீஸ்பூன், ஆரஞ்சு, மஞ்சள், பழுப்பு போஸ்டர் வண்ணங்கள், ஃபெவிகால், பாதி உருளைக்கிழங்கு, புண்ணுக்குக் கட்டும் வலைத்துணி ஒரு துண்டு, சணல் கயிறு, பழைய சட்டைப் பொத்தான், கத்தரிக்கோல், துளை போடும் பஞ்ச், ஸ்பாஞ்ச் துண்டு, பிரஷ்.

ஒன்று மட்டும் வேண்டாம்

இப்படிப்பட்ட ஒட்டுவேலைக்குப் பழைய கடிதம், பழைய புத்தகத்தாள் ஆகியவற்றை வெட்டி ஒட்டச் சொல்வார்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். பாட்டி மளிகைக் கணக்கு எழுதிய நோட்டிலிருந்து, நன்றாகப் பழுத்திருந்த ஒரு தாளை எடுத்து, வெட்டி, பசை தடவி ஒட்டிவிட்டேன். துவரம்பருப்பு, புளி, மண்ணெண்ணெய்க் கணக்குதானே என்று நினைத்தேன். மீதித் துண்டைக் குப்பையில் போடப் போகும்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தேன். பாட்டி தன் பிள்ளைகள் பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம் எல்லாவற்றையும் அங்கே வரிசையாகக் குறித்து வைத்திருந்தார். கையில் இருந்தது கடைசி இரண்டு பேருடையது. மற்றவை பசைக்கு அடியில். தண்ணீரில் ஊற வைத்துப் பிரிக்கப் பார்த்தேன். மை கரைந்து போனதுதான் மிச்சம். பெரிய அத்தை பிறந்த நேரம் இப்போது யாருக்கும் தெரியாது.

ஊரை விட்டு வந்த குடும்பங்களில் இப்படிப்பட்ட தாள்களுக்கு வேறு பிரதி கிடையாது. மேலும் அவை நாம் நினைப்பதைவிடப் பலவீனமானவை. மரக்கூழில் செய்த மலிவான காகிதத்தில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டு அது மாறுவதால்தான் தாள் மஞ்சளாகிறது. காகிதத்தில் உள்ள அமிலம் நார்களை அரித்து, மடித்த இடத்தில் ஒடியச் செய்கிறது. புதிய தாளைப் பழையதாகக் காட்ட ஒரு கோப்பை டீ போதும். பழைய தாள் ஒருமுறை போனால் போனதுதான். ஆகவே பழைய எழுத்து வேண்டுமானால் ஜெராக்ஸ் எடுத்து, அந்தப் படியை மட்டும் பயன்படுத்துங்கள்.

செய்முறை

1. ஒரு டம்ளர் தண்ணீரில் டீத்தூளைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவிடவும். பால், சர்க்கரை சேர்க்கக் கூடாது. சர்க்கரை இருந்தால் எறும்பு வரும். வெள்ளைத்தாளையும் ஜெராக்ஸ் படியையும் கசக்கிப் பிரித்து, டீயைப் பிரஷால் தடவவும். மடிப்புகளில் டீ தேங்கி, அந்த இடம் கூடுதலாகக் கறுக்கும். பழமைத் தோற்றம் வருவது அதனால்தான். வலைத்துணியையும் டீயில் நனைத்து உலர்த்தவும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படி என்றால் மை கரைந்து ஓடக்கூடும். கடை ஜெராக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஜெராக்ஸ் தாளை இஸ்திரி போட வேண்டாம். அதன் கறுப்புப் பொடி சூட்டில் உருகி ஒட்டும். காய்ந்தபின் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தால் போதும்.

2. அட்டையை 16 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலத்தில் வெட்டவும். மேல் மூலைகள் இரண்டிலும் பக்கத்துக்கு 2 செ.மீ. அளந்து சாய்வாக நறுக்கவும். மேல் விளிம்பிலிருந்து 1 செ.மீ. கீழே, நடுவில் துளை போடவும்.

3. டீத்தாளைக் கையால் கிழித்து (கத்தரிக்க வேண்டாம்), சமஅளவு தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் அட்டை முழுவதும் ஒட்டவும். எழுத்துள்ள துண்டு ஒன்றிரண்டு இடத்தில் தெரியட்டும். பின்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் அட்டை வளைந்துகொள்ளும். பிளாஸ்டிக் தாளுக்கு இடையில் வைத்து, புத்தகச் சுமையின் கீழ் இரவு முழுவதும் காயவிடவும். முதல் மாலை வேலை இத்துடன் முடிந்தது.

4. மறுநாள் துளையை மறுபடி திறக்கவும். ஆரஞ்சுடன் கொஞ்சம் பழுப்பு சேர்த்து, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷால் கீழ்ப் பாதியில் மட்டும் லேசாகத் தேய்க்கவும். அடியிலுள்ள எழுத்து மறையக் கூடாது. பளிச்சென்ற ஆரஞ்சு வேண்டாம். மங்கலாக இருந்தால்தான் பழையது போலிருக்கும்.

5. உருளைக்கிழங்கின் வெட்டிய பக்கத்தைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்து, மஞ்சள் வண்ணம் தடவி, மேலே ஒரு முறை அழுத்தவும். முழுநிலா தயார். அச்சு ஆங்காங்கே விட்டுப் போனால் திருத்த வேண்டாம், அதுவே அழகு.

6. நிலா காய்ந்ததும், கறுப்புக் காகிதத்தில் முதுகை வளைத்து நிற்கும் பூனையையோ கிளையில் அமர்ந்த ஆந்தையையோ வெட்டி, நிலாவின் மேல் பாதி படும்படி ஒட்டவும். கண்ணுக்குச் சின்னத் துளை போட்டால் பின்னாலுள்ள மஞ்சள் தெரியும்.

7. வலைத்துணியைப் பிய்த்து இழுத்து, அடியில் மூடுபனி போல ஒட்டவும். அதன் ஓரத்தில் பொத்தானை ஒட்டவும்.

8. ஸ்பாஞ்சில் பழுப்பு தொட்டு, முதலில் வேறு தாளில் ஒற்றிக் குறைத்துக்கொண்டு, டேக்கின் விளிம்பெல்லாம் தட்டவும். சிலர் மெழுகுவர்த்தியில் காட்டி ஓரத்தைக் கருக்குவார்கள். பசையும் துணியும் உள்ள பொருள் சட்டென்று பற்றிக்கொள்ளும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது அந்த வேலையே வேண்டாம்.

9. கடைசியாக டென்னிசனின் வளையம். கோட்டுப் பொத்தான் அளவில் இரண்டு வட்டங்கள் வெட்டி, நடுவில் துளையிட்டு, டேக்கின் இருபுறமும் ஒட்டவும். சணல் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போடவும்.

பின்பக்கம்

பின்பக்கத்தைக் காலியாக விடாதீர்கள். செய்த பிள்ளையின் பெயர், ஊர், தேதி, வருஷம் ஆகியவற்றைப் பிள்ளையின் கையாலேயே தமிழில் எழுதச் சொல்லுங்கள். முன்பக்கத்தில் தெரியும் எழுத்து யாருடையது என்றும் ஒரு வரி சேர்க்கலாம். "இது யார் எழுதியது?" என்று பிள்ளை கேட்கும்போது, பெட்டியிலிருந்து அசல் கடிதத்தை எடுத்துக் காட்டி, பாட்டியைப் பற்றியும் நான்கு வார்த்தை சொல்லுங்கள். பிறகு கடிதத்தை மடிக்காமல், செலோடேப் ஒட்டாமல், வெயில் படாத இடத்தில் திரும்ப வைத்துவிடுங்கள். டேக் மட்டும் பள்ளிக்குப் போகட்டும்.