டெட்லைன் நெருக்கும்போது ‘டென்ஷன்’ என்று சொல்லாதீர்கள்

வெளிநாட்டு கிளையன்ட்டுடன் கால். ரிலீஸுக்கு இரண்டே நாள். “தேர் இஸ் டென்ஷன் இன் த டீம்” என்கிறார் நம்மவர். அவர் சொல்ல வந்தது வேலைப்பளு. கிளையன்ட்டுக்குப் புரிந்ததோ, டீமுக்குள் சண்டை என்று. ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் மனிதர்களுக்கு இடையே உள்ள உரசலைத்தான் குறிக்கும். “டோன்ட் டேக் டென்ஷன்” என்பதும் நம் ஊர்ப் பக்கத்து ஆங்கிலம்தான்.

நாம் நினைக்கும் பொருளுக்கு அங்கே புழங்குவது ‘ஸ்ட்ரெஸ் அவுட்’. “என்னை டென்ஷன் பண்ணாதே” என்பதற்கு “டோன்ட் ஸ்ட்ரெஸ் மீ அவுட்”. மீ, ஹிம், அஸ் போன்றவை நடுவில்தான் வர வேண்டும். “ஸ்ட்ரெஸ் அவுட் மீ” என்றால் பிழை. உங்கள் நிலையைச் சொல்ல “ஐ ஆம் ஸ்ட்ரெஸ்டு அவுட்”. காரணத்தையும் சொல்ல வேண்டுமானால் ‘அபவுட் த டெமோ’ என்று சேருங்கள். அவுட் இல்லாமல் “ஐ ஸ்ட்ரெஸ் திஸ் பாயின்ட்” என்றால் பொருளே வேறு: இதை வலியுறுத்துகிறேன்.

ஆனால் ‘ஸ்ட்ரெஸ் அவுட்’ என்பது பேச்சு வழக்கு. டீ குடிக்கும் இடத்தில், டீம் சாட்டில் தாராளமாகச் சொல்லலாம். மேனேஜருக்கு எழுதும் மெயிலில் வேண்டாம். அங்கே “ஐ ஆம் கன்சர்ன்டு அபவுட் த டெஸ்டிங் ஷெட்யூல்” என்று எழுதி, அடுத்த வரியிலேயே தேவையைச் சொல்லுங்கள்: “வீ நீட் டூ மோர் டேஸ்.” எது சிக்கல், என்ன வேண்டும் என்ற இரண்டும் இருந்தால்தான் அந்த மெயிலுக்குப் பலன். கவலையை மட்டும் எழுதினால் “டூ யுவர் பெஸ்ட்” என்ற பதிலோடு முடிந்துவிடும்.

நேர்முகத் தேர்விலும் இதே கவனம் தேவை. நெருக்கடியை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டால் “ஐ நெவர் கெட் ஸ்ட்ரெஸ்டு அவுட்” என்பதை யாரும் நம்ப மாட்டார்கள். நெருக்கடியான ஒரு நாளில் எந்த வேலையை முதலில் எடுத்தீர்கள், எதைத் தள்ளி வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

‘ஸ்ட்ரெஸ் அவுட்’டைவிட ‘ஃப்ரீக் அவுட்’ இன்னும் கடுமையானது. பதறித் துடிப்பதைக் குறிக்கும். “த கிளையன்ட் ஃப்ரீக்டு அவுட்” என்று ஒருபோதும் எழுதாதீர்கள். மெயில் யாருக்கு ஃபார்வர்டு ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது.

டீம் லீடர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தயங்கியே, தாமதத்தைக் கடைசி நாள்வரை மறைக்கும் பிள்ளைகள் நிறைய. ஒருவர் தட்டுத்தடுமாறி “டென்ஷன் சார்” என்று வந்து நின்றால், இலக்கணம் திருத்தாதீர்கள். கையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.