உரித்து வைத்த எலுமிச்சை

அன்புள்ள தம்பி,

படம் வந்தது. சிங்கி இறால், கொம்புக் கிண்ணம், பாதி உரித்த எலுமிச்சை: டச்சு ஓவியர் வில்லெம் கால்ஃபின் படத்தைப் போனில் பார்த்தே வரைந்துவிட்டாய். இறால் தேறிவிட்டது. எலுமிச்சைதான் பிளாஸ்டிக். நீ ஒன்றை உரித்துப் பார்க்கவே இல்லை, அப்படித்தானே?

1653 வாக்கில் வரைந்த அந்தப் படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதிலுள்ள எருமைக் கொம்பு கால்ஃபுடையது அல்ல, ஆம்ஸ்டர்டாம் வில்லாளர் சங்கத்தின் சொத்து. அடுத்தவர் பொருளை அக்கறையோடு பார்க்கத் திருப்பூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? எந்த நாட்டுக்கோ போகிற பனியனைப் பிசிறு பார்த்துப் புரட்டுகிற ஊர் இது.

அதிலும் உன் வேலையே ஷேட் பார்ப்பது. லைட் பாக்ஸில் பொருந்திய துணி வெயிலில் வேறு நிறம் காட்டினால் டையிங்காரரோடு மல்லுக்கு நிற்கிறாய். மேஜை விரிப்புக்கு மட்டும் டியூபிலிருந்து வெள்ளையை அப்படியே பிதுக்கினால் எப்படிக் கண்ணு? இன்னொரு டச்சு ஓவியர் ஹேடாவின் மேஜைகளைப் பார். சாம்பலும் பழுப்பும்தான் மொத்தப் படமும். அதனால்தான் ஒரு எலுமிச்சைத் துண்டு அப்படி எரிகிறது.

அதே நாட்டு ஓவியர் பீட்டர் கிளாஸ் 1627-இல் வரைந்த வான்கோழிப் பை படத்தில் ஒரு பொட்டலம் இருக்கிறது. அச்சடித்த பஞ்சாங்கத் தாளைச் சுருட்டி மிளகு வைத்திருக்கிறார்கள், நம் மளிகைக் கடை போலவே. பழவேற்காடு போன்ற துறைமுகங்களில் சோழமண்டலத் துணியை வாங்கி, கிழக்குத் தீவுகளில் அதைக் கொடுத்து மிளகும் ஜாதிக்காயும் பிடித்த டச்சுக் கம்பெனியின் காலம் அது. மிளகு மேஜைக்கு வந்துவிட்டது. நம் நெசவாளியின் துணி அந்த மேஜையில் இல்லை. எனக்கு அந்தப் படத்தில் முதலில் கண்ணில் படுவது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை இறாலை விடு. அயர்னிங் டேபிளில் எவர்சில்வர் டம்ளரையும் கை நிறைய கட்டிங் வேஸ்ட்டையும் வை. வேஸ்ட்டை மடிக்காதே, விழுந்தபடி கிடக்கட்டும். நம் எலுமிச்சைத் தோல் மெலிசு, சுருளாகத் தொங்காது. நாரத்தங்காய் வாங்கு. இடப்பக்கச் சன்னல் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சாத்து. பழுப்பு அடித்தளத்தில் இருட்டிலிருந்து தொடங்கு. தோலின் சொரசொரப்புக்கு வண்ணத்தைக் கெட்டியாகப் புள்ளி புள்ளியாக வை, அதுவும் கடைசியில். பழத்தை மட்டும் முதல் நாளே முடித்துவிடு, மறுநாள் தோல் சுருங்கிவிடும். டம்ளர் காத்திருக்கும்.

அன்புடன்,
அண்ணன்