வினா – விடை: சதுரங்கத் தானியக் கணக்கு

கேள்வி: சதுரங்கம் கண்டவன், முதற் கட்டத்துக்கு ஒரு தானியமணி, அடுத்ததற்கு இரண்டு, பின்பு நான்கு என்று 64 கட்டங்களுக்கும் இரட்டித்துத் தரும்படி அரசனைக் கேட்ட கதையின் மூலம் எது? அந்தத் தொகைக்குப் பெரியது என்பதன்றி வேறு விசேஷம் உண்டா?

பதில்: கதை நடப்பது பாரத நாட்டு மன்னன் சபையிலே என்றாலும், அதை ஏட்டிலே எழுதிப் பரப்பிய பெருமை அரபு மொழி ஆசிரியர்களைச் சாரும். 13-ஆம் நூற்றாண்டினரான இப்னு கல்லிகான் கதையை விரித்துரைக்கிறார். அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1000-ஆம் ஆண்டையொட்டி, அல்பிரூனி தமது காலக்கணிப்பு நூலில் தொகையைப் பிசகின்றிக் கணித்துவிட்டார். 1,84,46,74,40,73,70,95,51,615 என்பது அது.

இதைக் காண அறுபத்துநான்கு வரி எழுதிக் கூட்ட வேண்டுவதில்லை. எந்தக் கட்டம்வரை கூட்டினாலும், அடுத்த கட்டத்துக்குரிய மணிகளைவிடத் தொகை ஒன்றே குறைந்திருக்கும். ஆகவே, இல்லாத 65-ஆம் கட்டத்தின் மணிகளைக் கண்டு ஒன்றைக் கழித்தால் போதும். 2-ஐ வர்க்கித்தால் 4. அதை வர்க்கித்தால் 16. பிறகு 256, 65,536, 429,49,67,296. ஆறாம் முறை வர்க்கித்ததும் 65-ஆம் கட்டம் கைக்கு வந்துவிடுகிறது.

விசேஷமும் இந்த வர்க்கங்களிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால், மூல எண்ணுக்கு ஒன்று கூடியதும் ஒன்று குறைந்ததுமான இரண்டின் பெருக்கற்பலனாக அது பிரியும் என்ற பள்ளிக்கூட விதியைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால், நம் தொகை 3, 5, 17, 257, 65,537, 429,49,67,297 ஆகிய ஆறு எண்களின் பெருக்கமாக நிற்கும். இவை கணித சாஸ்திரத்தில் பெர்மா எண்கள் எனப்படுபவை. பிரெஞ்சு தேசத்துப் பெர்மா, இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே என்ற அபிப்பிராயத்தை 1640-இல் தம் கடிதங்களில் தெரிவித்தார். முதல் ஐந்தும் அவர் சொன்னபடியே அமைந்தன. ஆறாவதுக்கோ காரணி இருந்தால், அது 64-ஆல் வகுக்க 1 மீதியாகும் எண்ணாகவே இருத்தல் வேண்டும். அத்தகைய பகா எண்களில் 193, 257, 449, 577 நான்கும் பயன்படாமற்போக, ஐந்தாவதான 641 மீதியின்றி வகுத்துவிடுகிறது. 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கினால் 429,49,67,297 வருவதை 1732-இல் வெளிப்படுத்தியவர் ஆய்லர். எஞ்சிய ஐந்து பகா எண்களும் பெருமை இழக்கவில்லை. அத்தனை பக்கங்கள் கொண்ட சமபக்கச் சமகோண உருவங்களை அளவுகோலும் கவராயமும் மட்டுமே கொண்டு வரையலாம் என்ற உண்மைக்கு, 1796-இல் பதினேழு பக்க உருவத்தை ஆராய்ந்து வழி திறந்தார் காஸ். அந்த ஐந்துக்கு மேல் வேறொரு பெர்மாப் பகா எண் இதுகாறும் அகப்படவில்லை.

கேள்வி: காசிக் கோயிலில் 64 பொற்றட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி முடிந்ததும் உலகம் அழியும் என்கிறார்களே, மெய்யா?

பதில்: பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா 1883-இல் புனைபெயரில் வெளியிட்ட விளையாட்டுச் சாமானுக்கு ஒட்டவைத்த கற்பனை அது. சிறிய தட்டின்மேல் பெரியதை வைக்கலாகாது என்ற நிபந்தனையால், வேண்டிய மாற்றங்களின் எண்ணிக்கை மேற்படி சதுரங்கத் தொகையேதான். நொடிக்கொன்றாக மாற்றினாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். வாசகர் கவலையின்றி இருக்கலாம்.