விபத்து வழக்கில் இன்ஷூரன்ஸ் எப்போது துணை நிற்கும், எப்போது கைவிடும்?

தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் இல்லாமல் பொதுச் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு. அம்பத்தூர் எஸ்டேட்டின் லோடு ஆட்டோ, ஆவடி சி.டி.எச். சாலையின் ஷேர் ஆட்டோ, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகும் லாரி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இந்தக் காப்பீடு ஏற்பட்டது முதலில் அடிபட்டவருக்காக. உரிமையாளர் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும்வரைதான் அது அவரையும் காக்கும். வழக்கைச் சந்தித்தவர்களின் அனுபவம் சொல்லும் முதல் பாடம் இதுதான்.

அடிபட்டவரோ இறந்தவரின் குடும்பமோ மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. மனு போடுவார்கள். உரிமையாளரும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் எதிர்மனுதாரர்கள். மனுதாரர் தாம் குடியிருக்கும் ஊரிலும் மனு போடலாம் என்பதால், ஆவடிக்காரருக்கு விழுப்புரத்திலிருந்தும் சம்மன் வரலாம். பாலிசி செல்லுபடியானால் கம்பெனி தன் வக்கீலை வைத்து, உரிமையாளர் பெயரிலேயே வழக்காடலாம். ஓட்டுநர் கவனக்குறைவாக ஓட்டினார் என்பது பணம் தர மறுக்கக் காரணம் ஆகாது. அந்தக் கவனக்குறைவுக்குத்தானே காப்பீடு!

மறுப்பதற்கான காரணங்களைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் அவை 150-ஆம் பிரிவில் உள்ளன. உரிய லைசென்ஸ் இல்லாத ஓட்டுநர், போதையில் ஓட்டியது, பர்மிட் இல்லாமல் வாடகைக்கு விட்டது, முக்கிய உண்மையை மறைத்துப் பாலிசி எடுத்தது, பிரீமியம் போய்ச் சேராதது ஆகியவை முக்கியமானவை.

அதிகம் வழக்காடப்படுவது லைசென்ஸ்தான். ஓட்டுநரிடம் லைசென்ஸ் இல்லை என்று காட்டினால் மட்டும் போதாது, உரிமையாளர் உரிய கவனம் எடுக்கவில்லை என்பதையும் கம்பெனியே நிரூபிக்க வேண்டும் என்று 2004-இல் சுவரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு, வாடகை வண்டிகளை இலகுரக வாகன லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. சின்ன லோடு வண்டிக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி.

மீறல் நிரூபணமானாலும் அடிபட்டவர் பெரும்பாலும் வெறுங்கையோடு போவதில்லை. கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடும். 'பே அண்ட் ரெகவரி' எனப்படும் இந்த உத்தரவு, தனி வழக்கு இல்லாமலேயே உரிமையாளரின் சொத்தைத் தேடி வரும். இன்ஷூரன்ஸ் இருந்தும் வீடு ஜப்திக்குப் போகக்கூடிய வழி இதுதான்.

காப்பீட்டுக்குள் அடங்காதவர்களும் உண்டு. தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு அந்தப் பாலிசி பொறுப்பேற்காது. சரக்கு வண்டியில் ஓசியில் ஏறி வந்தவர்களுக்கும் அப்படியே. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ உடன் வந்தால் மட்டும் விலக்கு உண்டு. போலீஸ் வழக்கில் விதிக்கப்படும் அபராதத்தையும் தண்டனையையும் கம்பெனி ஏற்காது.

உரிமையாளர் செய்ய வேண்டியவை சில. வேலைக்கு எடுக்கும்போதே ஓட்டுநரின் லைசென்ஸைப் பார்த்து, நகல் எடுத்து, ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். பர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று) கெடு தேதிகளைக் கவனிக்க வேண்டும். பிரீமியம் செக் பணமானதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வண்டியை விற்றால் ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை விடக்கூடாது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் உடனே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ பணம் பேசி முடிப்பதோ பாலிசி நிபந்தனையை மீறுவதாகும்.

சம்மன் வந்ததும் அதைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, உரிமையாளரும் நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும். ஆஜராகாவிட்டால் அவர் எக்ஸ்பார்ட்டி ஆவார், அதாவது அவர் இல்லாமலேயே வழக்கு நடக்கும். லைசென்ஸையும் பர்மிட்டையும் காட்ட ஆள் இருக்காது. கம்பெனி சொல்வதற்கு மறுப்பே இருக்காது. வக்கீல் செலவுக்கு யோசித்துச் சம்மனை ஒதுக்காதீர்கள். பிறகு வசூலிக்கப்படும் தொகை அதைவிடப் பல மடங்கு இருக்கும்.