பால் மறக்கும் முன்பே அடுத்த சினை

ஈஜோக் வட்டாரத்துத் தோட்டங்களில் எலி என்றாலே செம்பனைக் குலையைக் கடித்துப் பாழாக்கும் எதிரி. ஆனால் பட்டணத்துக் கடையில் வெள்ளை எலியை வாங்கி, பெயர் வைத்து, கூண்டில் வளர்க்கும் பிள்ளைகளும் உண்டு. விலை மலிவு, சாதுவான பிராணி, பழகினால் தோளில் ஏறி உட்காரும். ஆணும் பெண்ணுமாக வாங்கியவர்கள் சில வாரங்களிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். குட்டிகள் இன்னும் பால் குடிக்கும்போதே தாய் மறுபடி சினையானது எப்படி? போன மாதம் பிறந்த குட்டிக்கு அதற்குள் வயிறு பெருத்தது எப்படி?

முதல் கேள்விக்கு வருவோம். கன்று ஈன்ற பசு மறுபடி சினைப்பருவத்துக்கு வர வாரக்கணக்கில் ஆகும். மாடு வளர்த்துப் பழகிய குடும்பங்கள் எலியையும் அப்படித்தான் நினைத்துவிடுகின்றன. பெண் எலியோ குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் மீண்டும் இணை சேரத் தயாராகிவிடும். ஆண் அதே கூண்டில் இருந்தால் அன்றிரவே அடுத்த ஈற்றுக்கு வித்து விழுந்துவிடும். ஆகவே ஆணைப் பிரிக்க வேண்டியது பிரசவத்துக்கு முன்பு. குட்டிகளைப் பார்த்த பிறகு அல்ல.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. எலியின் சினைக்காலம் 21 முதல் 23 நாள். பால் கொடுக்கும் தாயிடம் மட்டும் இந்தக் கணக்கு பிசகும். உருவான கரு உடனே கருப்பைச் சுவரில் பதியாமல் சில நாள் காத்திருக்கும். பால் குடிக்கும் குட்டிகள் அதிகமானால் அந்தக் காத்திருப்பும் நீளும். பிரசவம் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகலாம். ஒரே நேரத்தில் இரண்டு ஈற்றுக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் சுமையை உடல் இப்படித் தவிர்த்துக்கொள்கிறது. குட்டி பிறந்த பிறகு ஆணைப் பிரித்தவர்கள் 23ஆம் நாள் கழிந்ததும் கவலை விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. ஐந்து வாரமாவது பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு விடை, பால் மறப்பதற்கும் பருவமடைவதற்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியது என்பதே. குட்டிகள் 21 நாளில் பால் மறக்கும். பெண் குட்டிகள் ஏறக்குறைய ஐந்து, ஆறு வாரத்தில் பருவமடையும். அதன்பின் நாலைந்து நாளைக்கு ஒருமுறை சினைப்பருவம் வரும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லாங், எவன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1922இல் விரிவாக எழுதி வெளியிட்ட சுழற்சி இது. ஆண் குட்டிகளுக்கு இனப்பெருக்கத் திறன் வரச் சற்றுக் கூடுதல் நாள் பிடிக்கும். ஆனால் தகப்பன் கூண்டிலேயே இருந்தால் அதற்கு மகள், தாய் என்ற பேதம் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஈற்றில் பத்துக் குட்டி, பாதி பெண். தாய் 25 நாளுக்கு ஒருமுறை பத்துப் பத்தாக ஈன்றால் 50ஆம் நாளில் முப்பது. முதல் ஈற்றுப் பெண்கள் ஐந்தும் ஆறு வாரத்தில் சினையாகி ஆளுக்கு எட்டு ஈன்றால், 64ஆம் நாள் வாக்கில் இன்னும் நாற்பது. இரண்டு எலியில் தொடங்கிய கூண்டில் இப்போது எழுபத்திரண்டு. இது வெறும் எண்ணிக்கைக் கதை அல்ல. தானே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் ஐந்து வாரக் குட்டி சினையானால் பிரசவம் சிக்கலாகலாம். குட்டிகளைக் கவனிக்காமல் விட்டுவிடவும் கூடும்.

எனவே நான்கு வாரம் முடிந்ததும் ஆண் குட்டிகளையும் பெண் குட்டிகளையும் தனித்தனிக் கூண்டில் போட்டுவிடுவது நல்லது. ஐந்தாவது வாரத்தைத் தாண்டவே விடக் கூடாது. இனம் காண்பது எளிது. குட்டியின் வாலைத் தூக்கி, பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஆணுக்கு அது பெண்ணைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டு குட்டிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பத்து நாள் வயதில், உரோமம் அடர்வதற்கு முன், பெண் குட்டிகளின் வயிற்றில் முலைக்காம்புகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். விதைப்பையை மட்டும் நம்ப வேண்டாம். எலி அதை உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடியது.

வயல் எலிக்கும் நாள்கணக்கு கிட்டத்தட்ட இதேதான். அதை முடுக்கிவிடுவது தீனி. தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்களில் நெல் பொதி கட்டும்போது எலிகளும் சினையாகத் தொடங்கும். கதிர் முற்றும்போது வயலில் குட்டிகள் நிறைந்திருக்கும். செம்பனைக் காட்டில் ஆண்டு முழுவதும் பழம் உண்டு, அதனால் ஈற்றும் ஓய்வதில்லை. ஒருமுறை மருந்து வைத்துவிட்டு ஓய்ந்துபோகும் தோட்டத்தில் எலி மீண்டும் பெருகுவதற்கும், ஆண்டு முழுவதும் வேட்டையாடும் கூகைக்குத் தோட்டங்கள் கூடு கட்டிக் கொடுப்பதற்கும் இதுதான் காரணம்.

கூண்டில் மிஞ்சிய எலிகளை அதே செம்பனைக் காட்டில் விட்டுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வெள்ளை எலிக்குப் பார்வை மங்கல், பதுங்கவும் தெரியாது, இருட்டில் அதன் நிறமே காட்டிக் கொடுத்துவிடும். கூகைக்கோ மலைப்பாம்புக்கோ அது ஒருநாள் இரை. வாங்கும்போதே ஒரே இனமாக இரண்டு வாங்குங்கள். கடைக்காரர் இரண்டும் பெண் என்று சொன்னாலும் வாலைத் தூக்கி நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.