துளியளவு எண்ணெய்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களில் கடைசற் பட்டறைகள் பல உண்டு. கிண்டித் தொழிற்பேட்டையோ 1958ஆம் ஆண்டிலேயே தோன்றியது. இங்கெல்லாம், சுழலும் எஃகுத் தண்டில் உளி படும் இடத்தின்மீது பால்போன்ற நீர்மம் இடையறாது ஒழுகக் காணலாம். 20 பங்கு நீரில் ஏறத்தாழ 1 பங்கு எண்ணெய் கலந்த கலவை அது. பட்டறையார் அதனைக் ‘கூலண்ட்’ என்பர்.

உளி எஃகைச் சீவும்போது பெருவெப்பம் பிறக்கும். வெப்பம் மிகுந்தால் உளியின் கூர் விரைவில் மழுங்கும். நீரைத் தாராளமாக ஊற்றினால் வெட்டும் விரைவை நூற்றுக்கு 30 முதல் 40 பங்குவரை கூட்டலாம் என அமெரிக்கப் பொறியறிஞர் டெய்லர் 1883இல் கண்டார். மிகுதியாக ஊற்றுவதே நன்று என்னும் எண்ணம் தொழிலுலகில் வேரூன்றிவிட்டது.

ஆயினும், அதனால் விளையும் கேடு சிறிதன்று. நாள்தோறும் அக்கலவையில் கைநனைக்கும் தொழிலாளியின் தோல் வெடித்துப் புண்ணாகும். தெறித்தெழும் நுண்துளிகள் மூச்சோடு நெஞ்சிற் புகும். நாட்பட்ட கலவையில் நுண்ணுயிர்கள் பெருகி நாற்றம் எழும். அதனைக் கண்ட இடத்திற் கொட்டினால் அண்டையிலுள்ள கிணறும் கெடும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களுடன் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற பகுதியன்றோ இது!

கிண்டிக் காட்டையொட்டி 1959இல் நிறுவப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இதற்கொரு மாற்று ஆராயப்பட்டது. வரதராஜன், பிலிப், இராமமூர்த்தி என்னும் மூவர் தம் முடிவை 2002இல் வெளியிட்டனர். கடினமாக்கிய எஃகைக் கடையும்போது, நிமிடத்திற்கு 2 மில்லிலிட்டர் நீர்மத்தை மட்டும் விட்டுவிட்டு விசையுடன் பீய்ச்சினர். ஒன்றும் ஊற்றாத முறையினும், வெள்ளமாக ஊற்றும் முறையினும் அது சிறந்து நின்றது. உளி நெடிது உழைத்தது. கடைந்த பரப்பும் வழவழப்பாயிற்று.

இஃது எவ்வாறு? எஃகுச் சீவல் உளியின் முகத்தில் இறுக அழுந்திச் செல்வதால், மேலே ஊற்றும் வெள்ளம் இடையே நுழைய வழியில்லை. விசையுடன் பாயும் நுண்துளியோ உட்புகுந்து உராய்வைக் குறைக்கிறது. மாட்டுவண்டியின் அச்சுக்கு மசகிடுபவர் சக்கரம் முழுவதையும் எண்ணெயில் முழுக்காட்டுவதில்லையே!

எண்ணெயைக் காற்றுடன் கலந்து தெளிக்கும் முறையும் உண்டு. அதற்கு மணிக்கு 10 முதல் 100 மில்லிலிட்டர் வரையே செலவாகும். ஆனால் தெளிக்கும் குழாயின் முனை உளியின் நுனியை நேரே நோக்கவேண்டும். சற்று விலகினும் துளி வீணாகும். பட்டறையிற் பரவும் நுண்துளிகளை உறிஞ்சி அகற்றும் விசிறியும் வேண்டும். ஆழ்ந்த துளையிடும்போது உள்ளே அடையும் சீவலை அடித்துக்கொண்டு வருவதற்கோ இன்றும் வெள்ளமே பெரிதும் பயன்படுகிறது.