பெர்மிட் தெருவில் பார்க்கிங் டிக்கெட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

லண்டனில் ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங் என்று தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் பல தெருக்கள், பெர்மிட் உள்ள வண்டிகளை மட்டுமே நிறுத்தக்கூடிய பெர்மிட் தெருக்கள்தான். கார்க் கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் உறவினர், நண்பர் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அக்கறையோடு சொல்லப்படும் அந்த யோசனைகளில் பல தவறானவை. அவற்றை நம்பி, கட்ட வேண்டாத பணத்தைக் கட்டியவர்களும், வெல்லக்கூடிய வழக்கைத் தேதி தவறி இழந்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள். டிக்கெட்டை எதிர்ப்பது சட்டம் தந்த உரிமை. தேதியும் ஆதாரமும் கையில் இருந்தால்தான் அந்த உரிமை பயன்படும்.

நம்பிக்கை: கண்டுகொள்ளாமல் விட்டால் தானாகப் போய்விடும்.

உண்மை: தனியார் கார் நிறுத்துமிடங்களில் தரும் டிக்கெட்டைப் பற்றி முன்பு சொல்லப்பட்ட யோசனை இது. இன்று அங்கேயே இது ஆபத்து. கவுன்சில் தரும் டிக்கெட்டுக்கோ இது அறவே பொருந்தாது. இரண்டையும் சுருக்கமாக பி.சி.என். என்றே அழைப்பதால் குழப்பம் வருகிறது. கவுன்சில் டிக்கெட்டுக்குப் பின்னால் 2004-ம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டம் நிற்கிறது. 28 நாளில் நீங்கள் எதுவும் செய்யாவிட்டால், வண்டியின் பதிவு உரிமையாளருக்கு ‘நோட்டீஸ் டு ஓனர்’ வரும். அதற்கும் 28 நாளில் பதில் இல்லையென்றால் தொகை ஒன்றரை மடங்காகும். லண்டனில் 2025 ஏப்ரல் முதல் ‘ஏ’ பிரிவுப் பகுதிகளில் உயர்ந்த அபராதம் 160 பவுண்ட்; அது 240 ஆகிவிடும். அடுத்து அது நார்தாம்ப்டனில் உள்ள போக்குவரத்து அமலாக்க மையத்தில் கடனாகப் பதிவாகி, கடனை வசூலிக்க ‘பெய்லிஃப்’ வீட்டு வாசலுக்கு வரலாம்.

நம்பிக்கை: முதலில் கட்டிவிடுவோம், பிறகு வாதாடிக்கொள்ளலாம்.

உண்மை: கட்டிய கணத்தில் வழக்கு முடிந்துவிடும். எதிர்க்க நினைத்தால் கட்டாதீர்கள்.

நம்பிக்கை: எழுதிப் போட்டால் பாதித் தொகைச் சலுகை போய்விடும்.

உண்மை: 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும். அதே 14 நாளுக்குள் ஆட்சேபம் எழுதி, அதைக் கவுன்சில் நிராகரித்தால், சலுகையை மீண்டும் தருவது பற்றிப் பரிசீலிக்கும்படி அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. கவுன்சில்கள் பொதுவாக அப்படியே செய்கின்றன. ஆகவே முதல் 14 நாளுக்குள் எழுதுவதில் இழப்பு பெரும்பாலும் இல்லை. அதைத் தாண்டி வழக்கைக் கொண்டுபோனால் முழுத்தொகையைப் பணயம் வைக்கிறீர்கள் என்பதை அறிந்தே முடிவெடுங்கள்.

நம்பிக்கை: என்னிடம் பெர்மிட் இருக்கிறது, எனவே டிக்கெட் செல்லாது.

உண்மை: பெர்மிட் ஒரு வண்டி எண்ணுக்கும் ஒரு மண்டலத்துக்கும் உரியது. பக்கத்துத் தெரு வேறு மண்டலமாக இருக்கலாம். கார் மாற்றியபின் எண்ணை மாற்றாவிட்டால் பெர்மிட் இருந்தும் இல்லாததற்குச் சமம். இப்போது பல இடங்களில் பெர்மிட் காகிதமாக இல்லை, கணினியில்தான் இருக்கிறது. விருந்தாளியின் வண்டிக்கு விசிட்டர் பெர்மிட் போடும்போது ‘ஓ’ எழுத்துக்குப் பதில் பூஜ்யத்தை அடித்தாலும் டிக்கெட் வரலாம். மஞ்சள் அறிவிப்பு வைத்து அந்த இடத்தில் நிறுத்துவதையே தற்காலிகமாகத் தடை செய்திருந்தால் எந்தப் பெர்மிட்டும் உதவாது.

டிக்கெட்டில் உள்ள குறியீட்டையும் பாருங்கள். 12 என்றால் செல்லுபடியான பெர்மிட்டே இல்லை என்று பொருள். 19 என்றால் பெர்மிட் இருந்தது, ஆனால் அது செல்லாதது. அதற்கு அபராதமும் குறைவு. காலாவதியான பெர்மிட்டுக்கு 12 போடப்பட்டிருந்தால் அது கேள்வி கேட்க வேண்டிய விஷயம்.

நம்பிக்கை: பத்து நிமிடம் எல்லோருக்கும் உண்டு.

உண்மை: 2015-ல் வந்த விதி, அனுமதிக்கப்பட்ட நேரம் முடிந்தபிறகுதான் பத்து நிமிடம் தருகிறது. ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டி நிறுத்தியவருக்கு அது பொருந்தும். குடியிருப்போருக்கு மட்டுமான இடத்தில் பெர்மிட்டே இல்லாமல் நிறுத்தியவருக்குப் பொருந்தாது.

நம்பிக்கை: நான் ஓட்டவில்லை என்றால் போதும்.

உண்மை: பொறுப்பு உரிமையாளருடையது. அன்றைக்கு வண்டி உங்களுடையதாக இல்லை, அல்லது திருடுபோயிருந்தது என்று காட்டினால் மட்டுமே அது வாதமாகும்.

நம்பிக்கை: கஷ்டத்தை விளக்கி உருக்கமாக எழுதினால் ரத்து செய்துவிடுவார்கள்.

உண்மை: அவசர நோய், வண்டி பழுது போன்ற காரணங்களைக் கவுன்சில் ஏற்கலாம், மறுக்கலாம். அது அவர்கள் விருப்பம். சட்டக் காரணங்கள் வேறு: விதிமீறலே நடக்கவில்லை, தொகை விதிப்படி உரியதைவிட அதிகம், கவுன்சில் நடைமுறையில் தவறியது போன்றவை. அறிவிப்புப் பலகை மரக்கிளையில் மறைந்திருந்ததா? அதிலுள்ள நேரமும் டிக்கெட்டில் உள்ள நேரமும் ஒத்துப்போகிறதா? முதலில் சட்டக் காரணத்தைப் படத்தோடு எழுதுங்கள். கஷ்டத்தை அதன்பின் சொல்லுங்கள். எளிய ஆங்கிலத்தில் நாலு வரி போதும்.

நம்பிக்கை: கவுன்சில் மறுத்துவிட்டால் அவ்வளவுதான், கோர்ட்டுக்குப் போனால் வக்கீல் செலவு.

உண்மை: முதல் ஆட்சேபத்தைக் கவுன்சில் மறுத்தாலும் ‘நோட்டீஸ் டு ஓனர்’ வந்தபின் முறைப்படி மீண்டும் எழுதலாம். அதற்கு 56 நாளில் கவுன்சில் பதில் தராவிட்டால் உங்கள் வாதம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். மறுத்தால் 28 நாளுக்குள் ‘லண்டன் ட்ரைபியூனல்ஸ்’ என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. தீர்ப்பளிப்பவர் கவுன்சிலின் ஊழியர் அல்ல, சுயேச்சையான சட்ட வல்லுநர். வழக்கு அங்கே போனதும் கவுன்சிலே எதிர்க்காமல் விலகிக்கொள்வதும் உண்டு. ஆனால் இரக்கத்தின் பேரில் தீர்ப்பளிப்பவரால் ரத்து செய்ய முடியாது. மறுபரிசீலனை செய்யும்படி கவுன்சிலுக்குப் பரிந்துரைக்க மட்டுமே முடியும்.

டிக்கெட்டைக் கண்ட அன்றே பலகையையும் தரைக்கோட்டையும் கார்க் கண்ணாடியையும் படமெடுங்கள். பெர்மிட் உறுதி மின்னஞ்சலைத் தேடி வையுங்கள். டிக்கெட் போட்ட அதிகாரி எடுத்த படங்களையும் கேட்டுப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் பெயரில் வண்டி இருந்தால், கவுன்சிலிலிருந்து வரும் ஒரு கடிதமும் பிரிக்கப்படாமல் கிடக்க விடாதீர்கள். படங்களையும் தேதிகளையும் சேர்த்துப் பார்த்தால் தவறு யார் பக்கம் என்று தெரிந்துவிடும். தவறு உங்களுடையதென்றால் 14 நாளுக்குள் பாதியைக் கட்டுங்கள். நியாயம் உங்கள் பக்கம் என்றால் 80 பவுண்டோடு தொல்லை தீரட்டும் என்று விட்டுவிடாதீர்கள். தீர்ப்பாயம் வரை போங்கள்.